மலர் மறக்கவில்லை

இராசமலரை நான் எச்சரிக்கவில்லை. எச்சரித்தேன் என்று சொன்னது பொய். அவள் என்னிடம் கேட்டாள். நான் “ஓம், ஊத்து” என்று சம்மதித்தேன். இரண்டு நாள் கழித்து, “நீ என்னட்டைக் கேக்கவே இல்லை” என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

சொல்ல வந்தது இவ்வளவுதான். இனி வருவது இதன் விளக்கம். விளக்கம் குற்றத்தைக் குறைக்காது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நீங்கள் என்னை முழுதாக அறிய வேண்டும். பாதி அறிந்தவர்கள் என்னை நல்லவன் என்கிறார்கள்.

எனக்கு எழுபத்தாறு வயது. ஊர் கோப்பாய். முப்பத்துநான்கு ஆண்டுகள் உயர்தர மாணவருக்கு இரசாயனவியல் படிப்பித்தேன். ஒழுங்கையில் எல்லோருக்கும் நான் மாஸ்ரர். கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாக வந்தாலும், வேட்டியில் துருக்கறை பட்டாலும், “மாஸ்ரரிட்டைக் கேளுங்கோ” என்பார்கள். கேட்டால் சொல்வேன். சொன்னால் சரியாக இருக்கும். அந்தப் பெயர் எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை அது போய்விடும் என்று அஞ்சிய நாளில்தான் அறிந்தேன்.

இராசமலர் குருநகர்ப் பெண். அப்போது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. கணவன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, ஒரே மகள். மாலையில் சந்தையில் மீன் விற்பாள். செவ்வாயும் வெள்ளியும் காலையில் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்து கூட்டிக் கழுவித் தருவாள். என் மனைவி பரிமளத்துக்கு முழங்கால் ஏலாது. நாங்கள் இருவரும் மட்டும் என்று ஆன பிறகு, அந்த இரண்டு காலைகளில்தான் எங்கள் வீட்டில் சிரிப்புக் கேட்கும்.

பின்விறாந்தையில் ஓர் அலுமாரி இருந்தது. வீட்டில் பாவிக்கிற இரசாயனப் பொருள்கள் எல்லாம் அதற்குள். போர் நாள்களின் பொருளாதாரத் தடைக் காலத்தை வாழ்ந்து கடந்தவர்களுக்குக் கண்ணாடிப் போத்தில் ஒன்றை எறிய மனம் வராது. சவர்க்காரம் கிடையாத அந்த நாள்களில் நானே சவர்க்காரம் காய்ச்சி அயலுக்குக் கொடுத்தவன். மூடி இறுகப் பூட்டும் தடித்த போத்தில்கள் என்னிடம் இருபதுக்கு மேல் இருந்தன. தடை போய்ப் பல ஆண்டுகள் ஆகியும் என் கை பழக்கத்தை விடவில்லை. கடையில் வாங்கி வந்த எதையும் அதன் போத்திலிலேயே வைத்திருக்க மாட்டேன்.

மலசலகூடம் கழுவுகிற அமிலம் மெல்லிய பிளாஸ்ரிக் போத்திலில் வரும். அதில் சிவப்பு எழுத்தில், நல்ல தமிழில், வேறெதனோடும் கலக்க வேண்டாம் என்று அச்சடித்திருக்கும். நான் அமிலத்தை என் கண்ணாடிப் போத்திலுக்கு மாற்றிவிட்டுக் கடைப் போத்திலைக் குப்பையில் போடுவேன். எச்சரிக்கையும் அதோடு போய்விடும்.

மாரி வெள்ளம் வடிந்த பிறகு, கிணற்றுக்குப் போடச் சொல்லிச் சுகாதாரப் பகுதியினர் குளோரின் தூள் தந்தார்கள். மிஞ்சியதைத் தண்ணீரில் கரைத்து, தெளிவை வடித்து, வெள்ளைத் துணிகளை வெளிற்றவென்று இன்னொரு போத்திலில் ஊற்றி வைத்தேன். ஒரே அளவுப் போத்தில். ஒரே தட்டு. பக்கத்தில் பக்கத்தில்.

ஒட்டுத்தாள் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. வெள்ளைத் தாள் வெட்டி, கறுப்பு மையால் அழகாக எழுதி ஒட்டியிருந்தேன். ஆய்வுகூடத்தில் எழுதுவதுபோல, இரசாயனக் குறியீட்டில். ஆங்கில எழுத்துகள், அடைப்புக்குறி, காலடியில் சின்ன இலக்கம். ஒரு புள்ளி பிசகாமல் சரியாக எழுதப்பட்ட ஒட்டுத்தாள்கள்.

“மாஸ்ரர், உங்கடை அலுமாரியைத் திறந்தால் சோதினை மண்டபத்துக்குள்ளை போன மாதிரிக் கிடக்கு,” என்றாள் மலர் ஒரு நாள், தட்டைத் துடைத்தபடி. “ஒரு போத்திலிலையாவது தமிழ் இருக்கோ?”

“உது உலகம் முழுக்க ஒரே எழுத்து மலர். சப்பானிலை இருக்கிறவனும் வாசிப்பான்.”

“சப்பான்காரனோ வந்து உங்கடை கக்கூசு கழுவப் போறான்?”

அடுப்படியில் பரிமளம் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

“மீனெண்டால் செவுளைத் தூக்கிப் பாத்து நல்லதோ பழுதோ எண்டு சொல்லிப்போடுவன். உதுகளுக்குச் செவுளும் இல்லை,” என்று முணுமுணுத்துக்கொண்டு அவள் அலுமாரியைச் சாத்தினாள்.

அன்றைக்கே தமிழில் எழுதி ஒட்டியிருக்கலாம். இரண்டு நிமிட வேலை. ஏன் செய்யவில்லை? ஓய்வு பெற்ற பிறகு எனக்கு மிஞ்சிய ஆய்வுகூடம் அந்த அலுமாரிதான். ஒரு வேலைக்காரிக்காக அதை ஏன் மாற்ற வேண்டும்... பாருங்கள், கை எழுதிவிட்டது. வேலைக்காரி. அந்தச் சொல்லை நான் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. உள்ளே வைத்திருந்திருக்கிறேன்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. மாலையில் எங்கள் வீட்டில் செபக்கூட்டம். சபையார் முப்பது பேராவது வருவார்கள். எங்கள் கிணறு சுண்ணாம்புத் தண்ணீர். மலசலகூடக் கோப்பையின் அடியில் கறை கல்லாகப் பிடித்திருந்தது. “ஆக்கள் வாற வீடு, உதை எப்பிடியும் எடுத்துப் போடு மலர்,” என்று பரிமளம் காலையிலேயே சொல்லியிருந்தாள்.

நான் பின்விறாந்தையில் கதிரையில் இருந்து, மாலையில் பாடவேண்டிய பாட்டுகளின் இலக்கங்களைத் தாளில் குறித்துக்கொண்டிருந்தேன். மலர் கை ஈரத்தோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

“மாஸ்ரர், அசிட் ஊத்தித் தேச்சுப் பாத்திட்டன், அடிக்கறை அசையுதில்லை. மற்றப் போத்திலிலை கிடக்கிறதையும் எப்பன் ஊத்தட்டோ?”

“ஓம், ஓம். ஊத்து.”

நான் தலை நிமிரவில்லை.

காதில் சரியாக விழாமல் சொல்லியிருப்பார் என்று நீங்கள் எனக்காக ஒரு காரணம் தேடக்கூடும். வேண்டாம். ஒவ்வொரு சொல்லும் விழுந்தது. மற்றப் போத்தில் எது என்பதும் தெரியும். அமிலமும் அந்தக் குளோரின் கரைசலும் சேர்ந்தால் என்ன வாயு கிளம்பும் என்பதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டவன் நான். அந்த அறிவு என் தலைக்குள் இருந்தது. ‘ஓம்’ என்றதும் அதே தலைதான். ஒன்று மற்றதைச் சந்திக்கவே இல்லை. எப்படி? மூன்று ஆண்டுகளாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்... பாட்டு இலக்கம் ஒன்றுகூடப் பிழைக்கக் கூடாது என்று கவனமாக இருந்தேன். ஒன்றும் பிழைக்கவில்லை.

தண்ணீர் நடைக்கு ஓடாமல் இருக்க அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தச் சின்ன அறையின் யன்னலுக்கு, மாரிச் சாரல் அடிக்கிறது என்று நானே பொலித்தீன் அடித்திருந்தேன். கோப்பைக்குமேல் குந்தியிருந்துதான் தேய்த்திருப்பாள்.

முதலில் இருமல் கேட்டது. தண்ணீர் புரைக்கேறியது என்று நினைத்தேன். இருமல் நிற்கவில்லை. பிறகு மணம் வந்தது. ஆய்வுகூடத்தில் யன்னல்கள் எல்லாம் திறந்து வைத்து, சோதனைக் குழாயில் சிறிதளவு உண்டாக்கி, தூரத்திலிருந்து கையால் விசிறி மாணவருக்குக் காட்டிய மணம். தாள் கையிலிருந்து நழுவியது.

“மலர், விட்டிட்டு வெளியிலை வா! வெளியிலை வா!”

கதவு திறந்தது. முழங்காலில் தவழ்ந்து வந்தாள். கண் இரண்டும் சிவந்து, வாயால் நுரை வழிய, மூச்சை உள்ளே இழுக்க முடியாமல் நிலத்தைக் கையால் அறைந்தாள். அவளைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனவள் பரிமளம். முழங்கால் ஏலாத பரிமளம்.

நான் தள்ளி நின்றேன். அந்த வாயு நெஞ்சுக்குள் என்ன செய்யும் என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்ததனால் தள்ளி நின்றேன்.

ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கே கடமையில் இருந்த வைத்தியர் என் பழைய மாணவி. என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். மலருக்கு ஒட்சிசன் வைத்து, ஊசி போட்டு, ஓரளவு அடங்கிய பிறகு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்.

“சேர், உங்கடை வீட்டிலையோ? எப்பிடி சேர்?”

அதில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. வியப்பு மட்டும் இருந்தது. அந்த வியப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“நான் படிச்சுப் படிச்சுச் சொன்னனான் பிள்ளை, ரண்டையும் கலக்காதை எண்டு. போத்திலிலை எழுதியும் ஒட்டிக் கிடக்கு. சொன்னால் கேட்டால்தானே.”

“உவையளுக்கு எவ்வளவு சொன்னாலும் இப்பிடித்தான் சேர். நீங்கள் மனதைப் போட்டு உழப்பாதேங்கோ.”

நான் தலையசைத்தேன். திட்டமிட்டுச் சொல்லவில்லை, வாய் முந்திவிட்டது. உண்மைதான். ஆனால் அந்த வாயைத் திரும்பத் திறந்து திருத்துவதற்கு அன்று முழுப் பகலும் எனக்கு இருந்தது. திருத்தவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பார்க்கப் போனேன். மலர் தலையணையில் சாய்ந்திருந்தாள். குரல் கிழிந்த துணிபோல வந்தது.

“மன்னிச்சுக் கொள்ளுங்கோ மாஸ்ரர். உங்கடை செபக்கூட்டத்தைக் குழப்பிப் போட்டன்.”

“அதை விடு.”

“டொக்டர் பிள்ளை சொன்னா, கலக்காதை எண்டு நீங்கள் சொன்னனீங்களாம். எனக்கு அது நினைவிலையே இல்லை. எனக்கென்னவோ... நான் உங்களிட்டை வந்து கேட்ட மாதிரியும், நீங்கள் ஓம் எண்ட மாதிரியும் கிடக்கு.”

அவள் என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. கைதவறிப்போன ஒன்றைத் தேடுகிறவள் பக்கத்தில் நிற்பவரைக் கேட்பதுபோலக் கேட்டாள். அடுத்த கட்டிலில் இருந்த கிழவி நித்திரை. வேறு யாரும் இல்லை. ‘ஓம் மலர், நீ கேட்டனீ’ என்று நான்கு சொல் போதும்.

“இல்லை மலர். நீ என்னட்டைக் கேக்கவே இல்லை.”

அவள் என்னை நெடுநேரம் பார்த்தாள். பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, “அப்ப எனக்குத்தான் தலை பிசகிப் போச்சு,” என்றாள். “அம்மாவுக்கும் இப்பிடித்தான் துவங்கினது.”

அவளுடைய தாயைப் பற்றி எனக்குத் தெரியும். கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாமல், அடுப்பை எரியவிட்டுக் கடற்கரைக்கு நடந்து போய்விடுகிற நிலைக்கு வந்து இறந்தவள். மலர் அதைப் பலமுறை பரிமளத்திடம் சொல்லி அழுதிருக்கிறாள். எல்லாம் தெரிந்தும் நான் அந்தக் கட்டிலருகே வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

முதற்பொய் பயத்தில் சொன்னது. இரண்டாவதை நிதானமாகச் சொன்னேன். இரண்டையும் ஒரே பாவமாக எண்ணிவிடாதீர்கள்.

அவள் நெஞ்சு பழைய நிலைக்கு வரவில்லை. மூச்சுக்கு இழுக்கிற பம் எப்போதும் இடுப்பில். அடுப்புப் புகை ஆகாது, சாம்பிராணி ஆகாது, பஸ்ஸின் புகை ஆகாது. சந்தையில் கூவி விற்க முடியாது. எங்கள் வீட்டு வேலையும் நின்றது. இது ஊருக்குத் தெரிந்த நட்டம். இதற்கு எல்லோரும் இரங்கினார்கள். பரிமளம் மாதம் தவறாமல் போய்ப் பார்த்தாள்.

பரிமளத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விபத்து நடந்து ஒரு கிழமையில், மத்தியானம் சோறு போட்டபடி கேட்டாள்.

“இஞ்சாருங்கோ, அண்டைக்கு அவள் உங்களிட்டை வந்து என்னவோ கேட்டுக்கொண்டு நிண்டவள் போலை கிடந்தது.”

“கதிரையளை முன்னுக்குக் கொண்டுபோய்ப் போடட்டோ எண்டு கேட்டவள்.”

பரிமளம் அகப்பையை வைத்துவிட்டு எழுந்து போனாள். அதன் பிறகு அதைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அவளுக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். தெரிந்துகொண்டே எனக்குச் சோறு போடுகிறாள்.

ஞாயிறுதோறும் நாங்கள் கோயிலில் எழுந்து நின்று, ‘பாவஞ்செய்தோம்’ என்று எல்லோருமாகச் சொல்கிறோம். முப்பது குரலோடு சேர்த்துச் சொல்லும்போது யாருடைய பாவம் எது என்று தெரியாது. குருநகர்க் கத்தோலிக்கக் கோயிலில் பாவத்தைச் சொல்ல ஒரு கூண்டு உண்டு, மறைப்புக்குப் பின்னால் ஒரு காது உண்டு. அந்த ஏற்பாட்டை எங்கள் பாட்டன்மார் விட்டுவிட்டு வந்தார்கள். அது இருந்திருந்தால் போயிருப்பேனா? தெரியாது. போகாமல் இருப்பதற்கு வேறொரு காரணம் கண்டுபிடித்திருப்பேன்.

ஒன்று மட்டும் செய்தேன். அலுமாரியை வெறுமையாக்கினேன். குறியீட்டுத் தாள்களை ஊறவைத்துச் சுரண்டி எடுத்தேன். இனி எதுவும் கடையில் வந்த போத்திலிலேயே இருக்கும் என்று தீர்மானித்தேன். அமிலத்தைக் கிணற்றடி அறையில் தனியாக, குளோரின் தூளை ஈரம் படாமல் வேறோர் இடத்தில், இரண்டுக்கும் பெரிய தமிழ் எழுத்தில் அட்டை, இரண்டுக்கும் பூட்டு. யன்னலின் பொலித்தீனைக் கிழித்தேன். இன்றைக்குக் கோப்பாயில் என் வீட்டைப்போலப் பாதுகாப்பான வீடு இருக்காது. அதில் தொட்டுக் கழுவுவதற்குத்தான் ஆள் இல்லை.

அடுத்த ஆண்டு மலரே என்னைத் தேடி வந்தாள், மகள் நிரோசாவின் தோளைப் பிடித்துக்கொண்டு.

“மாஸ்ரர், எங்கடை மாதர் சங்கத்திலை வந்து ஒருக்கால் கதைக்க வேணும். உந்தக் கழுவிற தண்ணியளை வீட்டிலை எப்பிடி வைக்கிறது, எதோடை எதைச் சேர்க்கப்படாது எண்டு பெட்டையளுக்குச் சொல்லுங்கோ. என்னை மாதிரி இன்னொருத்தி கிடந்து இழுக்கப்படாது.”

மறுக்கக் காரணம் தேடினேன். ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. போனேன்.

மண்டபத்தில் நாற்பது பெண்கள் இருந்தார்கள். நன்றாகப் பேசினேன், அது என் தொழில். கடைப் போத்திலை மாற்ற வேண்டாம், சோடாப் போத்திலில் மண்ணெண்ணெய் வைக்க வேண்டாம், பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள் என்றேன். கழுவும்போது கதவும் யன்னலும் திறந்திருக்கட்டும். ஒன்றால் கறை போகாவிட்டால் அதன் மேல் மற்றதை ஊற்றாதீர்கள்; எரிவும் இருமலும் வந்தால் போட்டது போட்டபடி வெளியே காற்றுக்கு வந்துவிடுங்கள் என்றேன்.

“அப்ப மாஸ்ரர், அசிட்டாலையும் போகாத கறைக்கு என்ன செய்யிறது?” என்று ஒருத்தி கேட்டாள்.

நான் சொல்லுமுன் பின்வாங்கில் இருந்து பதில் வந்தது: “உன்ரை மாமியைக் கொண்டுவந்து முன்னாலை இருத்தடி. அவ பாக்கிற பார்வைக்குத் தானாக் கழரும்.”

மண்டபம் சிரித்தது. சிரிப்பு அடங்க, மலர் வாங்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“சிரியாதேங்கோ பிள்ளையள். என்னைப் பாருங்கோ. மாஸ்ரர் எனக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னவர். போத்திலிலை எழுதியும் ஒட்டினவர். நான்தான் மறந்துபோய்...”

மூச்சு முட்டியது. நிரோசா அவளைப் பிடித்து இருத்தினாள். நாற்பது பெண்களும் முதலில் மலரைப் பார்த்தார்கள், இரக்கத்தோடு. பிறகு என்னைப் பார்த்தார்கள், மரியாதையோடு. முன்வரிசையில் யாரோ கைதட்டத் தொடங்கினார்கள்.

நான் எழுந்து நின்று ‘இல்லை’ என்று சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. நின்றுகொண்டுதான் இருந்தேன். எழும்பவேண்டிய வேலைகூட இல்லை. அவர்கள் தந்த தேநீரைக் குடித்தேன். பொன்னாடை போர்த்தினார்கள், குனிந்து கொடுத்தேன்.

நான் அவளிடமிருந்து எடுத்தது மூச்சை மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். எவ்வளவு எடுத்திருக்கிறேன் என்பதைப் போன மாதம் அறிந்தேன்.

நிரோசா தன் குழந்தையைக் காட்ட வந்திருந்தாள். மூன்று மாதப் பெண்குழந்தை. பரிமளம் மடியில் வாங்கிக் கொஞ்சினாள். “கொம்மா என்ன சொல்லுறா, கையிலையிருந்து இறக்கமாட்டாவே?” என்று கேட்டாள்.

நிரோசாவின் முகம் மாறியது.

“அம்மா பிள்ளையைத் தூக்கிறாவே இல்லை மாமி. பிறந்த நாளிலையிருந்து ஒருக்காலும் தூக்கேல்லை.”

“ஏனடி, அவவின்ரை இருமலுக்கோ?”

“அதில்லை. குளிக்க வாக்கேக்கை தண்ணிக்குள்ளை விட்டிட்டு மறந்து போயிடுவனாம். எங்கையாவது வைச்சிட்டு மறந்து போயிடுவனாம். அம்மம்மா மாதிரி ஆகிட்டன் எண்டு சொல்லுறா. அடுப்பும் மூட்டமாட்டா. டொக்டரிட்டைக் கொண்டுபோய்க் காட்டினன். அவர் எல்லாம் கேட்டுச் சோதிச்சுப்போட்டு, மூளையிலை ஒரு பிசகும் இல்லை எண்டிட்டார். நம்பினால்தானே. ‘மாஸ்ரர் அவ்வளவு சொல்லியும் மறந்தவள் நான்’ எண்டு அதையே திருப்பித் திருப்பிச் சொல்லுறா.”

பரிமளம் குழந்தையிலிருந்து முகத்தை எடுத்து என்னைப் பார்த்தாள். 

மலர் எதையும் மறக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை நடந்ததைச் சரியாக நினைவு வைத்திருந்த ஒரே ஆள் அவள்தான். அவளுடைய சரியான நினைவைப் பிழை என்று சொன்னேன். என் சொல்லை நம்பி அவள் தன் தலையை நம்பாமல் விட்டாள்.

மறுநாள் காலை பஸ் ஏறிக் குருநகருக்குப் போனேன். இனி என்ன பெயர் போனாலும் போகட்டும் என்று போனேன். எழுபத்தாறு வயதில் எனக்கு ஒரு துணிவு வந்தது... எவ்வளவு பிந்தி!

மலர் வாசலோரம் கதிரையில் இருந்தாள். பக்கத்தில் ஏணையில் குழந்தை நித்திரை. நிரோசா பின்னால் அடுப்படியில் ஏதோ அரைத்துக்கொண்டிருந்தாள்.

“வாங்கோ மாஸ்ரர். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிக்கிறியள். பரிமளம் அக்காவுக்குச் சுகமோ?”

“சுகம். மலர், நான் ஒண்டு சொல்ல வந்தனான். குறுக்கை கதையாமல் கேள். அண்டைக்கு நீ என்னட்டை வந்து கேட்டனீ, மற்றப் போத்திலையும் ஊத்தட்டோ எண்டு. நான் ஓம், ஊத்து எண்டனான். கலக்காதை எண்டு நான் உனக்கு ஒருநாளும் சொல்லேல்லை. ஆஸ்பத்திரியிலை சொன்னதெல்லாம் பொய். நீ ஒண்டையும் மறக்கேல்லை.”

சொல்லிவிட்டேன். என்ன நடக்கும் என்று காத்திருந்தேன். திட்டுவாள், அழுவாள், வெளியே போ என்பாள். எல்லாவற்றுக்கும் ஆயத்தமாக இருந்தேன்.

அவள் சிரித்தாள்.

“நிரோசா வந்து அழுதவளோ?”

“அவள் சொல்லி நான் வரேல்லை. இது நடந்தது.”

“உங்களை எனக்குத் தெரியாதோ மாஸ்ரர். என்ரை மனம் ஆறட்டும் எண்டு பிழையைத் தூக்கி உங்கடை தலையிலை வைக்கிறியள்.” பம்மை எடுத்து ஒருமுறை இழுத்தாள். “அந்தப் பாடமே படிப்பிச்ச மனிசன், ஊத்து எண்டு சொல்லுவாரோ? ஊரிலை ஆரும் நம்புவினமே?”

“சொன்னனான் மலர். கடவுளறியச் சொன்னனான்.”

“பொய்க்குக் கடவுளைச் சாட்சிக்குக் கூப்பிடாதேங்கோ. பாவம்.”

 மாணவர்க்குச் சொல்வதுபோல முதலிலிருந்து ஒழுங்காகச் சொன்னேன்: நான் இருந்த கதிரை, கையில் இருந்த தாள், அவள் வந்து நின்ற இடம், கேட்ட சொற்கள். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள், பிள்ளை சொல்லும் கட்டுக்கதையைக் கேட்பதுபோல. நான் மறுக்க மறுக்க அவள் கண்ணில் என்மேல் இருந்த மதிப்புக் கூடிக்கொண்டு போனது.

“முதலிலைதான் மாஸ்ரர் எனக்கு ஒண்டும் நினைவு வரேல்லை. பேந்து கிடந்து யோசிச்சு யோசிச்சு, இப்ப எல்லாம் வடிவா வந்திட்டுது. சொல்லட்டோ? நீங்கள் கதிரையாலை எழும்பி வந்தனீங்கள். கக்கூசுக் கதவு நிலையிலை கையை வைச்சுக்கொண்டு நிண்டனீங்கள். கண்ணாடியைக் கழட்டி மற்றக் கையிலை வைச்சிருந்தனீங்கள். ‘மலர், கவனம், ரண்டையும் கலந்து போடாதை, மூச்சு அடைச்சுப் போகும்’ எண்டனீங்கள். நான்தான் ‘ஓம் மாஸ்ரர்’ எண்டு சொல்லிப்போட்டு...”

என் குரலில் சொன்னாள். நான் அக்கறையோடு ஒருவரிடம் பேசினால் எப்படிப் பேசுவேனோ, அப்படியே.

அவள் சொன்ன அந்த மனிதனை நான் பார்த்ததில்லை. கதிரையை விட்டு எழுந்து வருகிறவன், கதவடியில் நின்று எச்சரிக்கிறவன். அவளுடைய உண்மையான நினைவு இருந்த இடத்தில் இப்போது அவன் நிற்கிறான். என்னால் அவனை அங்கிருந்து அசைக்க முடியவில்லை. உங்களிடம் இதை எழுதுவதற்கு வேறு காரணம் இல்லை. நம்பவேண்டியவள் நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள்.

ஏணைக்குள் குழந்தை அசைந்து சிணுங்கியது. பிறகு வீறிட்டு அழுதது. மலர் இருந்த இடத்திலிருந்து கை நீட்டினால் எட்டும். அவள் இரண்டு கைகளையும் மடிக்குள் வைத்து, ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“தூக்கு மலர்,” என்றேன். “உனக்கு ஒண்டுமில்லை. தூக்கு.”

“எனக்குப் பயமாக் கிடக்கு மாஸ்ரர். நீங்கள் நிரோசாவை ஒருக்கால் கூப்பிடுங்கோ. நான் கூப்பிட்டால் அவளுக்குக் கேளாது.”

கூப்பிட்டேன்.